என் மாமியார் வீட்டுக்குப் போட்ட கூடாரம்

என் மாமியாருக்கு அவர் வேலை பார்த்த இடத்தில் 'எக்ஸ்ரே' என்று பெயர். மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. வேலை முடிந்து வெளியே போகிற பெண்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்புவதுதான் அவருக்கு இருபத்தொன்பது வருடம் சோறு போட்டது. சாப்பாட்டு டப்பா, குடை, கொண்டை, செருப்பு எதையும் விட்டதில்லை. பையைத் திறப்பதே சும்மா ஒரு மரியாதைக்குத்தான், ஆள் வரும்போதே தெரிந்துவிடும் என்பார். "ஒளிச்சு வெச்சிருக்கறவளுக்கு ஒரு கை வீசும், ஒரு கை வீசாது மாப்பிள்ளை." இதைக் கேட்ட நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டுதான் நடக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றதில் தொழிற்சாலைக்கு ஒரு ஆள் குறைந்தது, எங்களுக்கு ஒரு அதிகாரி கூடிப்போனார். என் மனைவி காய்கறி வாங்கிக் கொடுத்தால் பையைக் கொட்டி எண்ணுவார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, அதிலிருக்கிற படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீசை எங்க?" என்பார். போனில் பேசினால் எப்போதும் ஸ்பீக்கரில்தான். நாளைக்கு யாராவது சொன்னதை இல்லை என்று சொன்னால் சாட்சி வேண்டுமாம். அவர் தனியாக இருக்கும்போது யார் சாட்சி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "நீங்க கேட்டுட்டுத்தானே இருக்கீங்க?" என்றார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே தனியாகப் பொருத்தியிருக்கிற இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே, "தைரியமா ஓட்டுங்க, நான் இருக்கேன்" என்று சொல்கிற பிழைப்பு. யாரையும் நம்பாமல் சம்பாதிக்கிறவர்கள் என்ற வகையில் நானும் அவரும் ஒரே கட்சி. எங்கள் கல்யாணப் பேச்சு ஆரம்பித்த சமயத்தில், நான் சொன்ன இடத்தில்தான் வேலை பார்க்கிறேனா என்று தெரிந்துகொள்ள, கார் கற்றுக்கொள்ள வந்தவர் மாதிரி பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம் என்னிடமே படித்திருக்கிறார். எனக்கு அவர் யாரென்று தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் போய் முட்டப் பார்த்தார். நான் எரிந்து விழுந்தேன். அவரோ வீட்டுக்குப் போய், "கோபம் வருது, ஆனா மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசத் தெரியல. குடுக்கலாம்" என்று சம்மதம் சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று தட்டோடு எதிரே வந்தவர் அவர்தான்.

மாமனார் சீக்கிரமே போய்விட்டார். அதற்குப் பிறகு மாமியார் ஒற்றை ஆளாகச் சம்பாதித்து வாங்கியதுதான் அவர் இருக்கிற வீடு. கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, மரப்படி, மரக்கூரை. நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் நான்கு மணி நேரம் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டு வந்து, கதவைத் தட்டி, "உள்ள வரலாமா?" என்று கேட்டதற்கு, "யாரு நீங்க, பேரைச் சொல்லுங்க" என்றாராம், தரையில் கிடந்தபடியே. இதைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் என் மனைவி சிரித்து முடித்ததும் அழுவாள். அன்றிலிருந்து அவளுக்கு அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் கரையான் வந்தது. கரையான் என்று அவர் ஒத்துக்கொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று. ஜன்னலுக்குக் கீழே தினமும் காலையில் மணல் மாதிரி, கடுகை விடப் பொடியாக ஏதோ கொட்டிக் கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். அதைக் கூட்டி அள்ளி, மருந்து பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, ஐந்து பாட்டில் சேர்த்து வைத்திருந்தார். நான் போய் ஜன்னல் சட்டத்தை விரலால் தட்டினேன். வெற்றுப் பெட்டி மாதிரி சத்தம் வந்தது. கொஞ்சம் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது.

"அத்தை, இது கரையான்."

"மண்ணே காணோம், எங்கேருந்து கரையான்?" என்று என்னைப் பார்த்தார். ஓட்டையை நான்தான் போட்டேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

பூச்சி மருந்து கம்பெனியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். இது மண்புற்று கட்டாத ரகம், மரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும், கூரை வரைக்கும் போய்விட்டது என்றார். மருந்தடித்தால் போகாதாம். மொத்த வீட்டையும் தார்ப்பாயால் மூடி, உள்ளே விஷக்காற்றை நிரப்பி, அப்புறம் வெளியேற்ற வேண்டும். மூன்று நாள் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது.

அன்று வீடு திரும்பியதும் என் மனைவி என்னை உட்கார வைத்தாள்.

"ஏங்க, இதுதான் சமயம். மூணு நாள்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துடுவோம். மூணாம் நாள் இன்னும் வாசனை போகலைன்னு சொல்லுவோம். ஒரு வாரம் ஆகும், ஒரு மாசம் ஆகும். பழகிடும். அப்புறம் அவங்களே போகணும்னு சொல்ல மாட்டாங்க."

"நேரா கேட்டா என்ன?"

"எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாதா? கேட்டா முடியாதும்பாங்க. அதோட உஷாராயிடுவாங்க. அப்புறம் கரையானே கூரையைத் தின்னாலும் வாசப்படி தாண்ட மாட்டாங்க."

நான் சரி என்றேன். யோசித்துச் சொன்ன சரி அது. அவர் நல்லதுக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஊரில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்படுகிற ஒரு மனுஷியை, அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டிலிருந்து, திரும்பிப் போகாதபடி வெளியே கொண்டுவரப் போகிறோம்.

வீட்டைத் தயார்படுத்த ஒரு வாரம் பிடித்தது. மேற்பார்வையாளர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். சாப்பிடுகிற பொருள், மருந்து மாத்திரை எதுவும் அப்படியே இருக்கக்கூடாது. அவர்கள் கொடுக்கிற தடித்த பையில் இரண்டு மடிப்பாகக் கட்ட வேண்டும், அல்லது வெளியே கொண்டுபோய்விட வேண்டும். செடித் தொட்டியெல்லாம் வெளியே. மெத்தை மேலிருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசியில் இரண்டு வரி இருந்தது. அதைப் படித்ததும் அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்துவிட்டு, எதிரே நின்ற மேற்பார்வையாளரைக் கேட்டார்.

"தம்பி, எல்லா அலமாரியும் திறந்து கிடக்கணுமா?"

"ஆமாம்மா. இழுப்பறையும்தான். காத்து மூலைமுடுக்கெல்லாம் போகணும். அப்புறம் அங்கேருந்து வெளியவும் வந்தாகணும். மூடி வெச்சா உள்ளயே தங்கிடும், ஆபத்து."

"வாசல் சாவி?"

"எங்ககிட்ட இருக்கணும்மா."

"அலமாரியெல்லாம் திறந்து போட்டு, சாவியையும் உங்க கையில குடுத்துட்டு, நான் கிளம்பிப் போகணும்."

"ஆமாம்மா."

"விருந்து ஏதும் சமைச்சு வெச்சுட்டுப் போகணுமா?"

அவர் நல்ல மனுஷர். சிரிக்காமல், "சமைச்சதையும் எடுத்துட்டுப் போயிடணும்மா" என்றார்.

"நான் இல்லாதப்ப யாராவது உள்ள போனா?"

"செத்துருவாங்கம்மா."

"உங்க ஆளுங்க போனா?"

"அவங்களும்தான்."

அந்தப் பதில் அத்தைக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விஷத்தைக் காவலுக்கு வைக்கிற ஏற்பாட்டில் அவருக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. ஒவ்வொரு இழுப்பறையிலும் என்னென்ன இருக்கிறது என்று ஸ்பூன் எண்ணிக்கை உட்பட பதினோரு பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கினார். ஏழாம் பக்கத்தில் அந்த மனுஷர் கையை உதறிக்கொண்டார். அத்தை பீரோ கதவைத் திறந்தே வைத்து, குறுக்கே ஒரு கறுப்பு நூலை ஒட்டினார். யாராவது கையை விட்டால் அறுந்துவிடுமாம்.

கம்பெனி கொடுத்த பை மீதும் நம்பிக்கை இல்லை. அதனால் சமையலறையில் இருந்த அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்தது. பதினான்கு மூட்டை. பாதிப் பொட்டலம் உப்பைக்கூட விடவில்லை. உப்பை எந்தக் கரையான் மருந்து என்ன செய்துவிடும் என்று நான் முனகியதற்கு, "உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? தெரியாதப்ப எடுத்துட்டுப் போறதுதானே?" என்றார். பயிற்சிப் பள்ளிக் காரின் பின்சீட்டு முழுக்க மிளகாய் வாசனை. அடுத்த நாள் கற்றுக்கொள்ள வந்த பெண் தும்மித் தும்மி கியரே மாற்றவில்லை.

புதன்கிழமை காலை கூடாரம் போட்டார்கள். நீலமும் மஞ்சளும் கோடு போட்ட தார்ப்பாய்களைக் கூரை மேல் ஏற்றி, நான்கு பக்கமும் இறக்கி, ஓரங்களைச் சேர்த்து உருட்டி, இடுக்கி இடுக்கியாக மாட்டினார்கள். கீழே மணல்மூட்டை வைத்து அழுத்தினார்கள். எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றுகொண்டு அத்தை இடுக்கியை எண்ணினார். இருநூற்றுப் பதினாறு. நடுவில் ஒரு ஆள் பேச்சுக் கொடுத்ததில் எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து எண்ணினார். முழுதும் மூடியதும் அவர் வீடு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஏதோ சர்க்கஸ் வந்து இறங்கியிருப்பது போல் இருந்தது. அபாயம் என்று நான்கு பக்கமும் அட்டை தொங்கவிட்டார்கள்.

அவர் கார்க் கதவைத் திறந்துகொண்டு உட்காரும்போது கேட்டார்.

"எப்ப திரும்பி வரலாம், மாப்பிள்ளை?"

"மூணு நாள் அத்தை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நானே கொண்டுவந்து விடறேன்."

இதை நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை. என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் என் கையைப் பார்க்கவும் இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

எங்கள் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அறையை அத்தைக்கு ஒழித்துக் கொடுத்திருந்தோம். வந்த அன்றே அந்த அறையில் விசாரணை ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். "காலையில வெயில் வருமா?" என்றார். அலமாரியில் மேல்தட்டு எட்டுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார். "பேத்தி படிப்பு முடிய இன்னும் எத்தனை வருஷம்?" என்றார். "மூணு" என்றேன். "ஓ, மூணா?" என்று தலையை ஆட்டினார். மோப்பம் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுத்தேன். "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுடுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

அத்தை வாசலில் வந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டோம்.

"நான் வந்ததும் ஏன் பேச்சு நின்னுடுச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, உப்பு எங்கேன்னு தேடிட்டிருந்தோம்" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டு குடும்பத்து உப்பு இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க இப்படியே போயிற்று. இத்தனை வருடம் அவர் எல்லோரையும் சந்தேகப்பட்டதைப் பார்த்து எரிச்சல்பட்டவன், ஒரே நாளில் அவர் வாயைத் திறந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று குடைய ஆரம்பித்துவிட்டேன். "பஸ் ஸ்டாப் இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்றார், தப்பித்துப் போக வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். "உங்க வீட்டு பாத்ரூம் தரை சொரசொரப்பா நல்லா இருக்கு" என்றார். இதில் ஏதோ குத்தல் இருக்கிறது என்று நினைத்தேன். சாப்பிடும்போது ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாராவது எதையாவது சொல்லப் போகிறோம் என்று காத்திருப்பவர் மாதிரி இருந்தது. நாங்கள் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. வகுப்புக்கு நடுவே மத்தியானம் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரத்தைக் காட்டினேன். இருநூற்றுப் பதினாறும் இருந்தன. திரும்பும்போது, "ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீட்ல பகல்ல யாரும் இல்ல, இல்லையா?" என்று கேட்டார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று தெரியாமல், "ஆமாம், இல்ல" என்று இரண்டையும் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் பயிற்சிப் பள்ளிக்கே வந்துவிட்டார். தார்ப்பாய் எடுத்தாயிற்று, விசிறி வைத்துக் காற்றை வெளியேற்றியாயிற்று, ஒவ்வொரு அறையாகக் கருவி வைத்துப் பார்த்தாயிற்று, சுத்தம் என்றார். உள்ளே போகலாம் என்று வாசல் கதவில் தாள் ஒட்டியிருப்பதாகவும் சொன்னார். சாவியையும் அந்தத் தாளின் நகல் ஒன்றையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க சார். சாவியை மாப்பிள்ளை கையில மட்டும்தான் குடுக்கணும், என் பொண்ணே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. அதான் தேடிக்கிட்டு வந்தேன்."

எனக்கு அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அத்தையை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தோன்றியது. போயிருக்கலாம். என் மனைவி போன் செய்தாள். "சாவி வந்துச்சா? வந்துச்சுன்னு சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றாள். அவள் குரலில் அந்த நான்கு மணி நேரக் குளியலறை இருந்தது. நான் சாவியையும் தாளையும் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பு கூடப் போட்டாயிற்று.

"அத்தை, இன்னும் காத்து சரியாகலையாம். ஒரு வாரம் ஆகலாம்னு சொல்றாங்க" என்றேன்.

எப்படிப்பட்ட விஷக்காற்று, எந்த அறையில், யார் சொன்னது, எழுதிக் கொடுத்தார்களா, கையெழுத்து இருக்கிறதா என்று வரப்போகிற கேள்விகளுக்கெல்லாம் வழி முழுக்கப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்படியா, சரி" என்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார்.

"பார்த்தீங்களா, எவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டாங்க" என்றாள் என் மனைவி. எனக்கு அது சுலபமாகவே படவில்லை. சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர், ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடாமல் எழுந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். அத்தையின் போன் அடித்தது. வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, கொத்தனார் பேசறேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னீங்களே, பாத்ரூம்ல கைப்பிடிக் கம்பி போடணும்னு. வாசல்ல நிக்கிறேன், பூட்டியிருக்கு."

அத்தை என்னைப் பார்க்காமலே, "தெரியாம சொல்லிட்டேன்பா. வீட்டுக்குள்ள இன்னும் மருந்துக் காத்து இருக்காம். ஒரு வாரம் ஆகுமாம்" என்றார்.

"இல்லையேம்மா. கூடாரமெல்லாம் எடுத்துட்டாங்களே. கதவுல தாள் ஒட்டியிருக்கு. உள்ளே போகலாம்னு பெருசா போட்டிருக்கு. நேத்துத் தேதி."

என் மனைவி சுவரைப் பார்த்தாள். என் பேண்ட் பையில் சாவி தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

"அங்கேயே இருப்பா. வர்றேன்" என்று அத்தை போனை வைத்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. நான் சாவியையும் மடித்த தாளையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். "வண்டியை எடுங்க மாப்பிள்ளை" என்றார்.

"அம்மா..." என்றாள் என் மனைவி.

"நீ இரு. வேலைக்கு லீவு போட்டிருக்கே, ரெஸ்ட் எடு."

காரில் அவர் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்து கொட்ட ஆரம்பித்தேன். அவளுக்குப் பயம் அத்தை, நீங்க விழுந்ததுலேருந்து தூக்கமே இல்ல, அவதான் இப்படிச் செய்யலாம்னு... அவ்வளவுதான், வண்டி குலுங்கி நின்றது. காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை அத்தை அமுக்கியிருந்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரனை விடாமல் அடித்தது.

"அவ மேல போடாதீங்க. அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மூணு நாள்னு சொன்னது நீங்க. காத்து சரியாகலைன்னு சொன்னதும் நீங்க" என்றார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். "போங்க."

வீட்டில் கொத்தனார் படியில் உட்கார்ந்திருந்தார். அத்தை கதவைத் திறந்தார். ஒரு வாசனையும் இல்லை. எல்லா இழுப்பறையும் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மூடிக்கொண்டே வந்தார். பீரோவில் நூல் அறுபடாமல் இருந்தது. ஸ்பூன் குறையவில்லை. பதினோரு பக்கத்துக்கும் டிக் அடித்து முடிக்கும்போது கொத்தனார் இரண்டாவது கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை குளியலறைக்குப் போய் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தார். கம்பி அசையவில்லை. கொத்தனாரிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அவர் வாயிலிருந்து நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையை அந்த ஆளும் எதிர்பார்த்திருக்க மாட்டார், ஒரு மாதிரி நின்றுவிட்டுப் போனார்.

காப்பி போட அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. எல்லாம் எங்கள் வீட்டில் பதினான்கு மூட்டையாகக் கிடந்தது. டம்ளரை மூன்று தடவை கழுவித் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்துவிட்டு நின்றேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"என்னை ஏன் அத்தை ஒண்ணுமே கேக்கல நேத்து? ஒரு கேள்வி கேட்டிருந்தா உளறியிருப்பேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கேட்ல ஒரு பழக்கம் இருக்கு மாப்பிள்ளை. வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து, இவகிட்ட ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சவளை நிறுத்த மாட்டோம். கையை ஆட்டிப் போகச் சொல்லிடுவோம். இருபத்தொம்பது வருஷத்துல அப்படி நான் விட்டது ரெண்டே பேரு. வெளியில உங்களைத்தான் அப்படி விட்டேன். உங்க பையை நான் திறந்ததே இல்ல."

அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

"உங்க வீட்ல அந்த ரூம் எனக்குப் பிடிச்சிருந்துது" என்றார். "வெயில் வருது, தரை வழுக்கல, பஸ் ஸ்டாப் பக்கம். கம்பி போட்டாலும் தனியா இருக்கறது தனியா இருக்கறதுதான், எனக்குத் தெரியாதா? மூணு நாளும் பார்த்தேன். சாப்பிடறப்ப யாராவது ஒருத்தர், இங்கேயே இருந்துடுங்களேன்னு சொல்லுவீங்களான்னு. சொல்லியிருந்தா கொத்தனாரை வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப சொல்றேன் அத்தை. வந்துடுங்க. இப்பவே வாங்க."

"இப்ப வேண்டாம்."

"நான் செஞ்சது தப்பு. அதுக்காக..."

"கோபத்துல சொல்லல. இப்ப நான் வந்தா, நீங்க பேசற ஒவ்வொண்ணையும் திறந்து பார்க்கத் தோணும். சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூட ஏன் கேக்கறாருன்னு தோணும். கேட்ல அது வேலை. என் பொண்ணு வீட்ல அந்த வேலை எனக்கு வேண்டாம்."

எழுந்து வாசல் வரை என் கூடவே வந்தார். மூட்டைகளை நாளைக்கு எடுத்து வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். கொஞ்சம் நின்று, உள்ளே போய் ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"பதினாலு மூட்டைன்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மாப்பிள்ளை."

போட்டுக் கொடுத்தேன்.